கோபர் கேஸ் கலனின் கசிவை அடைத்த வேலை

எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரைக்குப் பின்னால், சாணியிலிருந்து நாளுக்கு இரண்டு கன மீட்டர் சமையல் வாயு எடுக்கும் அளவிலான தீனபந்து வகை கோபர் கேஸ் கலன் ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளில் அரசு மானியத்தில் அப்பா கட்டியது. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் எங்கள் ஊரில் மாடு வைத்திருந்த பலரும் அந்தக் காலத்தில் கட்டினார்கள். சிலிண்டர் வீடு தேடி வர ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகக் கைவிட்டுவிட்டார்கள். எங்கள் கலன் மட்டும் நிற்கவில்லை. அம்மா தினமும் சாணியைக் கரைத்து ஊற்றிக்கொண்டேதான் இருந்தார். கேஸுக்காக இல்லை, வாயு போக மிஞ்சி வெளியே வரும் சாணிக் கரைசலான ஸ்லரி மஞ்சளுக்கும் வாழைக்கும் நல்லது என்பதற்காக. கேஸ் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் அதிகம். மீதிச் சமையல் சிலிண்டரில்தான்.

"கேஸ் பத்தறதில்ல கண்ணு, தொட்டி பழசாயிருச்சு" என்பார் அம்மா. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஊற்றுகிற சாணி குறையவில்லை, மாடும் அதே நான்குதான். சாணி காற்றில்லாத இடத்தில் கிடந்தால் வாயு உருவாகியே தீரும். அடுப்புக்கு வரவில்லை என்றால் வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். கோபர் கேஸில் பாதிக்கு மேல் மீத்தேன். பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். அது எங்கள் கொல்லையிலிருந்து இரவும் பகலும் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தால், "நாங்கள் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி பயன்படுத்துகிறோம்" என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமையில்லை.

எவ்வளவு போகிறது?

முதலில் அளக்க வேண்டும். தராசில் வாளியோடு நிறுத்துப் பார்த்தபோது ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோ சாணி உள்ளே போவது தெரிந்தது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ பச்சைச் சாணியிலிருந்து ஏறக்குறைய 40 லிட்டர் வாயு கிடைக்கும். அப்படியென்றால் நாளுக்கு 1,600 லிட்டர். எங்கள் அடுப்பின் ஒரு பர்னர் மணிக்கு 450 லிட்டர் அளவில் எரிக்கும். ஒரு மணி நேரம்தான் எரிகிறது என்றால் உருவாவதில் மூன்றில் ஒரு பங்குகூட அடுப்புக்கு வரவில்லை.

அடுத்து அழுத்தம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தெளிவான பிளாஸ்டிக் டியூப் கொஞ்சம் வாங்கி, ஒரு பலகையில் 'ப' வடிவத்தில் வளைத்துக் கட்டினேன். அதில் மஞ்சள் கரைத்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றி, பக்கத்தில் ஒரு ஸ்கேல். டியூபின் ஒரு முனையை கேஸ் பைப்போடு இணைத்துவிட்டால் போதும், இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே கலனுக்குள் இருக்கும் அழுத்தம். ஐம்பது ரூபாய்க்கு மேல் செலவில்லாத இந்தக் கருவி கோபர் கேஸ் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

சாயங்காலம் வால்வை மூடிவிட்டுக் காத்திருந்தேன். தீனபந்து கலனில் விடிவதற்குள் 80, 90 சென்டிமீட்டர் வரை ஏற வேண்டும். எங்களுடையது 22 சென்டிமீட்டருக்கு வந்து அப்படியே நின்றது. இரவு முழுக்க அதற்குமேல் ஏறவில்லை. உள்ளே வாயு உருவாகிக்கொண்டே இருக்கும்போது அழுத்தம் ஏறாமல் நிற்கிறது என்றால், அந்த இடத்தில் உருவாகிற அத்தனையும் அதே வேகத்தில் வெளியேறுகிறது என்றுதான் பொருள்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். 1,600 லிட்டரில் அறுபது சதவீதம் மீத்தேன் என்று வைத்தால் எடை சுமார் 600 கிராம். அதில் பாதிதான் கசிகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 300 கிராம், வருடத்துக்கு நூறு கிலோவுக்கு மேல். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைப்படி, இப்படி உயிர்ப்பொருளிலிருந்து வரும் மீத்தேன் ஒரு கிலோ, நூறு ஆண்டுக் கணக்கில் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் எண்பதைத் தொடும். நூறாண்டுக் கணக்கையே எடுத்தாலும் எங்கள் தொட்டியின் விரிசல் வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று டன் கரியமில வாயுவுக்குச் சமமானதை விட்டுக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும். ஆக, 1,300 லிட்டர் பெட்ரோல். பைக்கில் அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாம்.

இன்னொரு கணக்கையும் போட்டேன், அதுதான் என்னை வேலையில் இறக்கியது. ஒரு கன மீட்டர் கோபர் கேஸ் 0.43 கிலோ எல்.பி.ஜி.க்கு ஈடு. அந்த எல்.பி.ஜி.யை எரிக்காமல் விட்டதால் மிச்சமாவது 1.3 கிலோ கரியமில வாயு. அதே ஒரு கன மீட்டர் எரியாமல் கசிந்தால் அது பத்து கிலோவுக்கு மேல் சமம். அதனால் உருவாகும் வாயுவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கசிந்தாலே, சிலிண்டரை மிச்சப்படுத்திய நன்மை முழுக்கக் கரைந்துவிடும். அதற்குமேல் கசிகிற கலனைவிட, சாணியைக் காய்ந்த குப்பைமேட்டில் போட்டுவிட்டு சிலிண்டரில் சமைப்பது பூமிக்கு நல்லது. காற்றோட்டமான குப்பைமேட்டில் மீத்தேன் கொஞ்சம்தான் உருவாகும். அதை உருவாக்குவதற்கென்றே நாம் ஒரு தொட்டி கட்டியிருக்கிறோம், எனவே அதைப் பிடித்து எரிக்கும் பொறுப்பும் நம்முடையது.

மண்ணை எடுத்ததன் விளைவு

தீனபந்து மாதிரியை 1984இல் அஃப்ப்ரோ என்ற தன்னார்வ அமைப்பு உருவாக்கியது. அதற்கு முந்தைய கதர் கிராமத் தொழில் ஆணைய மாதிரியில் மேலே மிதக்கும் இரும்புத் தொப்பி இருக்கும், துருப்பிடிக்கும், விலையும் அதிகம். தீனபந்துவில் அந்த இரும்புத் தொப்பி இல்லை. அடி ஒரு கிண்ண வளைவு, மேலே அரைக்கோளக் கூரை, எல்லாம் செங்கல்லும் சிமென்டும்தான். வாயு சேரச் சேர அது கரைசலைக் கீழே அமுக்கி, பக்கத்திலுள்ள வெளித்தொட்டிக்குள் ஏற்றும். வாயுவைத் திறந்துவிட்டால் அந்தக் கரைசல் திரும்பி வந்து வாயுவை அடுப்புக்குத் தள்ளும். அசையும் பாகம் எதுவும் கிடையாது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 90 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம் என்பது கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தொள்ளாயிரம் கிலோ விசையில் மேல்நோக்கித் தள்ளும். செங்கல் கட்டு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால்தான் கூரையின்மேல் மண் போட்டு மூடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மண்ணின் கனம்தான் வாயுவின் தள்ளலுக்கு எதிர்கனம். வெயிலில் கூரை விரிந்து சுருங்குவதையும் மண் தடுக்கிறது.

எங்கள் கலனின்மேல் மண் இல்லை. கட்டுத்தரைச் சுவர் கட்டும்போது பக்கத்திலிருந்த மண்ணை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், மீதி மழையில் கரைந்துவிட்டது. கூரையின் உச்சி மொட்டையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று தானாக முளைத்து வேர் விட்டிருந்தது.

கூரையைச் சுத்தமாகக் கழுவி, சோப்பு நுரையைத் துணியால் தடவிப் பார்த்தோம். உச்சியில் கேஸ் பைப் இறங்கும் இடத்தைச் சுற்றி நுரை கொப்பளித்தது. அங்கிருந்து தென்பக்கமாக ஒரு மயிரிழை விரிசல், அதன் நீளம் முழுக்கச் சிறு குமிழிகள். கண்ணுக்குத் தெரியாத விரிசலை நுரை கோடு போட்டுக் காட்டிவிட்டது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கலாம் என்று உடனிருந்த ஒருவர் சொன்னார். கசிவைத் தீயால் தேடவே கூடாது. சோப்பு போதும்.

வெளியிலிருந்து பூசினால் நிற்காது. உள்ளேயிருந்து வாயு தள்ளும்போது வெளிப்பூச்சு உரிந்துவிடும். உள்பக்கம் பூசினால் அதே வாயு பூச்சைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். ஆக, கலனைக் காலிசெய்து உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும்.

உள்ளே இறங்குவது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். கழிவுத் தொட்டிக்குள் இறங்கி இறந்தவர்கள் பற்றிய செய்தி நம் மாநிலத்தில் வராத வருடமில்லை. கோபர் கேஸ் கலனும் அதே வகை ஆபத்துதான், கூடவே வெடிக்கும் தன்மையும் சேர்ந்தது.

சாணி ஊற்றுவதை நிறுத்தி, இருந்த வாயுவை முடிந்தவரை அடுப்பிலேயே எரித்துத் தீர்த்தோம். அதன்பின் வால்வை அடுப்புப் பைப்பிலிருந்து கழற்றி, மீதியைத் திறந்த வெளியில் விட்டோம். பிறகு சேற்றை இறைக்கும் மட் பம்பை வாடகைக்கு எடுத்து, வெளித்தொட்டி வழியாகக் கரைசலை இறைத்து வாழைக்குப் பாய்ச்சினோம். பம்பு எடுத்தது போக அடியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மணலும் சிறு கல்லும் இறுகிக் கிடந்தன. மண் தரையில் கட்டிய மாட்டின் சாணியைக் கூட்டி அள்ளும்போது மணலும் சேர்ந்தே வரும். அது வருடக் கணக்கில் அடியில் தங்கி, கரைசலுக்கான இடத்தைத் தின்றுவிட்டிருந்தது.

கொத்தனார் அனுபவசாலி, கிணறு தூர்வாரிய குடும்பம். "விளக்கக் கட்டி எறக்கிப் பாத்துக்கலாம் தம்பி, அணையலன்னா எறங்கலாம்" என்றார். கிணற்றுக்கு அது தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்த முறை. "வேண்டாங்ண்ணா, இதுக்குள்ள மீத்தேன் நின்னா விளக்கே வெடி வெச்சிரும்" என்று தடுத்தேன். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். மீத்தேன் காற்றைவிட லேசு என்பதால் கூரையின் வளைவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். கனமான ஹைட்ரஜன் சல்பைடு அடியில் தங்கும். அது கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றமில்லை, இறங்கலாம் என்று நினைப்பவர்கள்தான் சாகிறார்கள்.

பெருந்துறையில் ஆலைப் பாதுகாப்பு வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் மூலம் நான்கு வாயு அளவிக் கருவி வாடகைக்குக் கிடைத்தது. ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் காட்டும். அதைக் கயிற்றில் கட்டி அடி, நடு, கூரை வளைவு என்று தனித்தனியாக நிறுத்திப் பார்த்தோம். முதலில் இறக்கியதுமே அலறியது. நெல் தூற்றும் பெரிய ஃபேனைக் காற்று வரும் பக்கத்தில் தள்ளி வைத்து, தார்ப்பாயைக் குழாய்போலத் தைத்து, அதன் வாயைக் கூரையின் உட்பக்கம் படும்படி விட்டு ஓட்டினோம். ஒரு முழுப் பகல் ஓடியது. ஆக்சிஜன் 20.9, எரியும் வாயு பூஜ்யம், ஹைட்ரஜன் சல்பைடு பூஜ்யம் என்று மூன்று உயரத்திலும் காட்டிய பிறகுதான் இறங்கினோம்.

இறங்கிய பிறகும் ஃபேன் நிற்கவில்லை, கருவி உள்ளே இருந்தவரின் சட்டையிலேயே இருந்தது. அடிச் சேற்றைக் கிளறும்போது அதற்குள் கரைந்திருந்த வாயு திடீரென்று வெளிவரும். ஒருமுறை கருவி கூவியதும் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஏறிவிட்டார்கள், அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கினார்கள். உள்ளே ஒருவர், இடுப்பில் கயிறு, மேலே கயிற்றைப் பிடித்தபடி இருவர். உள்ளே இருப்பவர் மயங்கினால் கயிற்றால் இழுக்க வேண்டுமே தவிர, காப்பாற்றுகிறேன் என்று இன்னொருவர் குதிக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்தோம். கருவியின் வாடகை மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். கருவி கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப் போடுங்கள், ஆளை இறக்காதீர்கள்.

பூச்சு

கரைசல் நிற்கும் கீழ்ப்பகுதியைப் பற்றிக் கவலையில்லை. சாணியே நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். வாயு நிற்கும் மேல்வளைவுதான் முக்கியம். விரிசலை உளியால் 'வி' வடிவத்தில் அகலப்படுத்தி, பழைய பூச்சில் தட்டினால் பொக்கென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்தி எடுத்தோம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஈரத்தோடு சிமென்ட் பால் அடித்து, அதன்மேல் 1:3 கலவைப் பூச்சு. மணலைச் சல்லடையில் சலித்து, நீர்க்கசிவு தடுக்கும் பொடியும் கலந்துகொண்டோம். மேலே வெறும் சிமென்டால் வழவழப்பாக்கிவிட்டு, பத்து நாளுக்குக் குறையாமல் ஈரம் காட்டினோம். கொத்தனார் கரண்டியை வளைவுக்கு ஏற்றபடி ஒரே ஓட்டமாக இழுப்பதைப் பார்க்கவே அழகாக இருந்தது. ஓட்டம் நின்ற இடத்தில் இணைப்பு விழும், இணைப்பு விழுந்த இடத்தில் ஒருநாள் கசியும் என்பது அவர் கணக்கு.

காய்ந்தபின் எபாக்ஸி பெயிண்ட் இரண்டு கோட்டு. அதன் ஆவியும் மூடிய இடத்தில் ஆளை மயக்கும், எனவே மறுபடி ஃபேன், மறுபடி கயிறு. உச்சியிலிருந்த கேஸ் பைப்பின் அடிப்பகுதி ஹைட்ரஜன் சல்பைடில் அரித்துப் பாதியாகியிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஜி.ஐ. பைப்பை வைத்து, சுற்றிலும் கான்கிரீட் கட்டை போட்டுப் பிடிக்க வைத்தோம். வேப்பங்கன்றை வேரோடு எடுத்து வேலியோரம் நட்டாயிற்று.

தண்ணீர் வைத்துச் சோதனை

சாணி ஊற்றும் முன் கலனைச் சோதித்துவிட வேண்டும். ஊற்றியபின் கசிவு தெரிந்தால் எல்லாம் முதலிலிருந்து. கிணற்று மோட்டாரில் தண்ணீர் விட்டு, ஓரளவு நிரம்பியதும் கேஸ் வால்வை மூடிவிட்டு மேலும் தண்ணீர் ஏற்றினோம். கூரைக்குள் மாட்டிக்கொண்ட காற்று அமுங்கி, மஞ்சள் தண்ணீர் டியூபில் 80 சென்டிமீட்டர் காட்டியது. மறுநாள் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். மதியம் ஏற்றிவிட்டு விடியற்காலை பார்த்தால் காற்று குளிர்ந்ததாலேயே அழுத்தம் குறைந்திருக்கும், இல்லாத கசிவைத் தேடி அலைவோம்.

மறுநாள் 41. எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. கொத்தனார் தன் பூச்சின் ஒவ்வொரு அடியையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கூரை முழுக்க நுரை தடவினோம், ஒரு குமிழி இல்லை. பைப்பு, இணைப்பு என்று மேலே வந்தபோது பழைய கேட் வால்வின் தண்டைச் சுற்றி நுரை பொங்கியது. இத்தனை வருடமாக அம்மா தினமும் திறந்து மூடும் வால்வு! மூடியிருக்கும்போதும் தண்டு வழியே கசிந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு பால் வால்வு போட்டு, நூலும் டெஃப்லான் டேப்பும் சுற்றி இறுக்கினோம். மறுபடி 80க்கு ஏற்றி, மறுநாள் பார்த்தபோது 77. இவ்வளவு இறக்கம் பரவாயில்லை.

அதன்பிறகு கூரையைச் சுற்றி நாலாபக்கமும் ஒரே சீராக ஈரமண் போட்டுத் திமிசு அடித்து, உச்சிக்குமேல் ஒரு அடிக்குக் குறையாமல் மூடினோம். மேலே அருகம்புல் மட்டும். மரம் வேண்டாம்.

மறுபடி சாணி

நான்காயிரம் லிட்டர் கரைசல் வேண்டும், அதாவது இரண்டு டன்னுக்குச் சாணி. சோதனைக்கு ஏற்றிய தண்ணீரில் பாதியை உள்ளேயே விட்டுவிட்டோம். அக்கம்பக்கத்துக் கட்டுத்தரைகளில் கேட்டு வாங்கி, தோசைமாவுப் பதத்தில் கரைத்து ஊற்றினோம். கூடவே உறவினர் தோட்டத்தில் நன்றாக ஓடும் கலனிலிருந்து சில பேரல் ஸ்லரியும் கொண்டுவந்து சேர்த்தோம். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. உறைக்கு விட்ட அந்த ஸ்லரி இல்லாவிட்டால் காத்திருப்பு நீளும்.

முதலில் சேரும் வாயு எரியாது. அதில் பெரும்பாலும் கரியமில வாயுவும் கலனில் இருந்த காற்றும்தான். அதை ஓரிரு முறை வெளியே விட்டுவிட வேண்டும். கலன்மேல் இருக்கும் பைப்பில் தீ வைத்துப் பார்க்கக் கூடாது, சோதனையெல்லாம் அடுப்பில்தான். மூன்றாம் வாரம் வாக்கில் நீலத் தீ பிடித்தது.

பைப் வேலையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபர் கேஸ் ஈரமான வாயு. பைப்பில் குளிர்ந்து தண்ணீராகிப் பள்ளத்தில் தேங்கும், அடுப்பு விக்கி விக்கி எரியும். பலர் "கேஸ் இல்லை" என்று கைவிடுவது இந்தத் தண்ணீரால்தான். பைப்பை ஒரே சரிவாகக் கொண்டுபோய், மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டீ இணைப்பும் குழாயும் வைத்துவிட்டோம். வாரம் ஒருமுறை திறந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வருகிறது. அடுப்பும் கோபர் கேஸுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், சிலிண்டர் அடுப்பின் ஊசித்துளை இதற்குப் போதாது.

கரைக்கும் தொட்டியின் தரையை நுழைவுக் குழாய்க்கு எதிர்ப்பக்கம் சரியும்படி மாற்றிப் பூசினோம். கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் மணல் அந்த மூலையில் தங்கிவிடும், அடைப்பை எடுத்ததும் சாணிக் கரைசல் மட்டும் உள்ளே போகும். கட்டுத்தரையைப் பினாயில் போட்டுக் கழுவிய தண்ணீர் தொட்டிக்குள் போகாதபடி வாய்க்காலையும் திருப்பிவிட்டோம். பினாயில் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

இப்போது

காலையில் டியூபில் 80க்கு மேல் நிற்கிறது. அதே 40 கிலோ சாணிக்கு அடுப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிகிறது. மூன்று வேளைச் சமையலும் அதிலேயே முடிகிறது. சிலிண்டர் விருந்தாளி வந்தால் மட்டும். நம் நாட்டு எல்.பி.ஜி.யில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது, அந்தக் கப்பல் எங்கள் வீட்டுக்காக இனி அவ்வளவாக வர வேண்டியதில்லை என்பதில் எனக்குப் பெரிய நிறைவு. செலவு, புதிதாகக் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

ஆனால் கசிவு அடைபட்டதும் புதிதாக ஒன்றைக் கவனிக்க வேண்டி வந்தது. வாயுவைப் பயன்படுத்தாமல் விட்டால், கரைசல் மட்டம் கீழே இறங்கி இறங்கி, கடைசியில் வாயு வெளித்தொட்டி வழியாகவே குமிழியிட்டு வெளியேறும். கசியாத கலனிலும் மீத்தேன் வானத்துக்குப் போகும் வழி அது. கோடையில் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி வாயு கூடும்போது இது நடக்கும். அதனால் டியூப் 90ஐத் தாண்டினால் மாட்டுத் தீவனம் காய்ச்சவோ வெந்நீர் வைக்கவோ அம்மா இரண்டாவது பர்னரையும் பற்றவைக்கிறார். "இத எரிக்காம உட்டா பாவம்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர் சொல்வதைக் கேட்டேன். ஊருக்குப் போகும்போது அந்த அக்காவிடம் சாவியைக் கொடுத்து, வந்து சமைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

வெளியே வரும் ஸ்லரியிலும் மீத்தேன் உருவாவது முற்றிலும் நின்றுவிடுவதில்லை. குழியில் குளம்போலத் தேக்கிவைத்தால் அங்கேயும் வெளியேறும். காய்ந்த இலை, வைக்கோல் கூளத்தின்மேல் ஊற்றிக் காற்றோட்டமான எருவாக்குகிறோம், அல்லது அன்றன்றே வாய்க்காலில் கலந்து மஞ்சளுக்கு விடுகிறோம்.

இந்தத் தொட்டி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடும் எருமையுமாக முப்பது கோடிக்கு மேல். அவை அசைபோடும்போது ஏப்பமாக வெளியேறும் மீத்தேன்தான் அதிகம். அது எந்தத் தொட்டிக்குள்ளும் வராது. ஆனால் இந்தியாவில் இதுவரை வீட்டளவில் கட்டப்பட்ட கோபர் கேஸ் கலன்கள் ஏறக்குறைய ஐம்பது லட்சம். அவற்றில் சாணி ஊற்றப்படும் ஒவ்வொன்றும் நன்மை செய்கிறதா தீமை செய்கிறதா என்பதை சில முழ டியூபும் கொஞ்சம் சோப்பு நுரையும் சொல்லிவிடும். மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் பன்னிரண்டு ஆண்டுகள்தான். இன்று ஒரு கசிவை அடைத்தால் அதன் பலனை நம் பிள்ளைகள் மட்டுமல்ல, நாமே பார்ப்போம்.

மேற்கே சித்தப்பா தோட்டத்தில் இதே அளவு கலன் ஒன்று இருக்கிறது, அவரும் ஸ்லரிக்காக மட்டும் சாணி ஊற்றுகிறார். போன வாரம் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்தோம், 35ஐத் தாண்டவில்லை. அவர் கலன்மேல் மண் இருக்கிறது, எனவே இந்த முறை கூரையைத் தொடும் முன் வால்விலிருந்து ஆரம்பிக்கப் போகிறோம்.